ஆறு கிலோ மூச்சு

பந்தயத் திடலில் அன்றைக்கு நீளமான வரிசை எங்கே நின்றது தெரியுமா? டிக்கெட் கொடுக்கும் இடத்தில் இல்லை. டயர் மாற்றும் இடத்தில் இல்லை. நான்காம் எண் ஷெட்டின் வாசலில். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற பைக்குகள் இருபத்திரண்டு, இன்ஜினை அணைத்துவிட்டு அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தன. தள்ளிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் வளர்ந்த மனிதர்கள். மீசை வைத்தவர்கள், ஓட்டுப் போடுகிறவர்கள்.

உள்ளே காற்றடிகள் எழுந்தருளியிருந்தார்.

அவருடைய திருக்கோலத்தைச் சொல்ல வேண்டும். கணுக்கால்வரை வெள்ளை அங்கி. கழுத்தில் பழைய பிஸ்டன் வளையங்களைக் கோத்த மாலை. கண்ணில் கறுப்புக் கண்ணாடி, அதுவும் கூரைக்கு அடியில். ஐந்து வருடத்துக்கு முன்னால் நெடுஞ்சாலை ஓரத்தில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த மனிதர்தான். அப்போது அடித்த காற்றாவது டயருக்குள் நின்றது. பிறகு எப்படியோ ஞானம் பிறந்து, ரப்பரை விட்டுவிட்டு மனிதர்களுக்குக் காற்றடிக்க ஆரம்பித்தார். மனிதர்கள் இன்னும் சீக்கிரமாகப் பருத்தார்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரேஸ் பைக்கின் முன்பக்கத்தை மூடியிருக்கிற ஃபைபர் கூட்டுக்கு ஃபேரிங் என்று பெயர். எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக அது. அந்தக் கூட்டின் இரண்டு பக்கமும் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருப்பவை சிறகுகள். விமானத்தின் சிறகு தூக்கும். இது நேர் எதிர், அமுக்கும். வேகம் கூடக்கூட முன்சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். அப்போது வருகிற காற்றையே வைத்து அதைக் கீழே அழுத்திப் பிடிக்கிற ஏற்பாடு. வளைவும் கோணமும் சரியாக இருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் செய்யாது. இதில் யாருடைய மூச்சுக்கும் வேலை இல்லை.

ஆனால் காற்றடிகளின் சாஸ்திரம் வேறு. சிறகு என்பது செத்த பொருளாம். அவர் மூன்று தடவை ஊதினால்தான் அதற்கு உயிர் வருமாம். உயிர் வந்த சிறகு நின்ற இடத்திலேயே முன்சக்கரத்தை ஆறு கிலோ கூடுதலாக அமுக்குமாம். ஆதாரம் வேண்டுமா? அங்கேயே காட்டுவார், எடை மெஷினை வைத்து! அதற்குத்தான் இத்தனை கூட்டம். விஞ்ஞானக் கருவியின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் மூடநம்பிக்கைக்கு மவுசு அதிகம்.

காட்சி இப்படி நடக்கும். பைக்கின் பின்சக்கரம் ஸ்டாண்டில். முன்சக்கரம் எடை மெஷினின் மேல். எதிரே ஆள் உயர ஃபேன். ஓட்டுகிறவர் ஏறி, நெஞ்சை நிமிர்த்தி உட்கார வேண்டும். தலைமைச் சீடர் மைக்கில் எண்ணைப் படிப்பார்: "நூற்றுப் பத்து!" காற்றடிகள் சிறகருகே வந்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, ஃபூ, ஃபூ, ஃபூ. ஓட்டுகிறவர் பக்தியோடு நெஞ்சு டேங்கில் படும்படி குனிந்து வணங்க வேண்டும். சீடர் அலறுவார்: "நூற்றுப் பதினாறு!" கைதட்டல் கூரையைப் பிய்க்கும். பிறகு சிறகைக் கூட்டோடு பிணைக்கிற போல்ட்டுகளின் மேல் தங்க நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதற்குப் பெயர் மூச்சு முத்திரை. பந்தயம் முடியும்வரை அந்த இடத்தில் ஸ்பேனர் படக் கூடாது. பட்டால் மூச்சு கசிந்துவிடும்.

காலையில் அந்த வரிசையில் முதல் ஆளாக நின்றவர் லேப்டாப் சார். நான் வேலை செய்கிற டீமில் காற்றைக் கணக்குப் போடுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். அந்தப் படிப்பில் பட்டம் வாங்கியிருக்கிறார். பட்டத்தைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டிவிட்டு, வெறுங்கையோடு இங்கே வந்திருந்தார்.

இந்தக் கூட்டத்தில் சேராத ஒரே ஆள் ஃபைபர் அக்கா. எங்கள் டீமின் ஃபேரிங்குகளையும் சிறகுகளையும் அச்சில் வைத்து, துணி மேல் துணியாகப் பசை தடவி வார்த்தெடுக்கிறவள். அந்தத் தூசியில் வருடம் முழுக்க முழங்கை அரிக்கும். எங்கள் பைக்கை ஓட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி. மூன்று வாரத்துக்கு முன்னால் நேர்ப்பாதையின் மேட்டில் முன்சக்கரம் தூக்கி, கீழே விழுந்து, தோள்பட்டையில் கட்டோடு எழுந்தவன். அதற்குப் பிறகுதான் காற்றடிகளிடம் போக ஆரம்பித்தான்; அன்றிலிருந்து சிறகின் மேல் ஸ்பேனர் படவே விடவில்லை. அன்று காலையிலேயே அவன் பைக்குக்கு முத்திரை விழுந்துவிட்டது.

முத்திரைக்குப் பிறகு அவன் பயிற்சிக்காக நாலு சுற்று ஓட்டிவிட்டு வந்தான். அக்கா சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பைக் ஷெட்டுக்குள் வந்ததும் நேராக வலது சிறகின் நுனியில் ஒரு விரலை வைத்து அழுத்தினாள். சிறகு அசைந்தது. அசையக் கூடாத சிறகு.

"இறங்குடா. இத கழட்டிப் பாக்கணும். வேர்ல விரிசல் விட்டிருக்கும்போல."

"ஐயோ, தொடாதக்கா! முத்திரை போட்டிருக்கு."

"முத்திரையா முக்கியம்? வேகத்துல இது பிச்சிக்கிட்டு போச்சுன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியாதா?"

"அவர் ஊதினதுக்கு அப்புறந்தான் பைக் தரையில நிக்குது. நீ பிரிச்சா அழுத்தம் போயிடும். நாளைக்கு விழுந்தேன்னா நீயா பொறுப்பு?"

டீம் முதலாளி குறுக்கே வந்து நின்றார். தொப்பை முதலில் வந்தது, அவர் பின்னால் வந்தார். "தா பாரும்மா, பசை தடவற வேலையோட நில்லு. பெரியவங்க சமாச்சாரத்துல கை வைக்காத. நாளைக்குப் பந்தயம் முடிஞ்சதும் தாராளமா கழட்டிப் பாரு."

பந்தயம் முடிந்த பிறகு எதைக் கழற்றுவது? ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் போல்ட்டைத் தொட்டுப் பார்ப்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. புதிதாகச் சேர்ந்த மெக்கானிக்குக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம். அதை ஒரு தங்க நிற ஸ்டிக்கருக்காக இருபத்திரண்டு டீமும் விட்டுவிட்டன. எனக்கு வயிறு எரிந்தது. அக்காவுக்கு எரியவில்லை, பயந்தாள்.

சத்தம் போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் எங்கள் ஷெட்டின் மூலையில் என்னவோ செய்துகொண்டிருந்தாள். பிறகு ஈரத்துணியில் கையைத் துடைத்துக்கொண்டு நான்காம் ஷெட்டுக்குப் போனாள். முகத்தில் அப்படி ஒரு பணிவு.

"ஐயா, எங்க டீம்ல ரெண்டாவது பைக் ஒண்ணு இருக்கு. அவசரத்துக்கு வெச்சிருக்கறது. அதுக்கும் ஒரு தடவ ஊதி விடணும்."

"கொண்டு வா, மகளே."

"ஒரு சந்தேகம் ஐயா. துணி போட்டு மூடியிருந்தா உங்க மூச்சு உள்ள போகுமா?"

காற்றடிகள் சிரித்தார். கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "துணியா? ஏழு சுவரைக் கடந்து போகும் என் மூச்சு! மூடியே கொண்டு வா. இந்த ஜனங்கள் பார்க்கட்டும்."

தற்பெருமைக்காரனுக்குக் கதவைக் காட்டினால் போதும், உள்ளே தள்ள வேண்டியதில்லை. இரண்டாவது பைக் வந்தது. முன்பக்கம் முழுக்கப் படுதா போர்த்தி, கயிறு கட்டியிருந்தது. தம்பியைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். அக்காவுக்கு ஒருவழியாக நம்பிக்கை வந்துவிட்டது என்று அவன் முகமெல்லாம் சந்தோஷம். ஃபேன் சுழன்றது.

"நூற்றுப் பத்து!" என்றார் சீடர்.

ஃபூ, ஃபூ, ஃபூ. தம்பி குனிந்தான்.

"நூற்றுப் பதினாறு! துணியைத் துளைத்துவிட்டதய்யா!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. லேப்டாப் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கும்வரை அக்கா காத்திருந்தாள். அப்புறம் கயிற்றை அவிழ்த்துப் படுதாவை இழுத்தாள்.

சிறகு இல்லை. வலதும் இல்லை, இடதும் இல்லை. போல்ட் போடுகிற ஓட்டைகள் மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி திறந்திருந்தன. சற்று முன்னால் மூலையில் உட்கார்ந்து அவள் செய்த வேலை அதுதான்.

"எதுக்குய்யா ஊதினீங்க?" என்று கேட்டாள்.

காற்றடிகள் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார். ஆனால் பழம் தின்று கொட்டை போட்ட ஆள் இல்லையா? இரண்டு கைகளையும் உயரத் தூக்கினார்.

"பார்த்தீர்களா மகிமையை! சிறகே இல்லாத இடத்தில் என் மூச்சே சிறகாகி நிற்கிறது!"

நம்ப மாட்டீர்கள், பாதிக் கூட்டம் கைதட்டியது! "ஆகா, கண்ணுக்குத் தெரியாத சிறகு!" என்று ஒருவர் மெய்சிலிர்த்தார். எங்கள் முதலாளி முன்னால் போய்க் குனியவே ஆரம்பித்துவிட்டார். நம்புவது என்று முடிவு கட்டியவனிடம் இதுதான் தொல்லை. பொய்யைப் பிடித்துக் கையில் கொடுத்தாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்வான்.

அக்கா அசரவில்லை. "சரிங்கய்யா. அந்தக் கண்ணுக்குத் தெரியாத சிறகு இப்பவும் இருக்குதானே?"

"இருக்கிறது!"

"நாளைக்குப் பந்தயம் முடியற வரைக்கும் இருக்கும்?"

"அசையாது!"

"தம்பி, நிமிர்ந்து உக்காரு."

தம்பி நிமிர்ந்தான். எடை மெஷினில் சிவப்பு எண்கள் இறங்கின. நூற்றுப் பத்து. சீடர் மைக்கை வாயில் வைத்துக்கொண்டு, படிப்பதா வேண்டாமா என்று விழித்தார்.

"படிங்க அண்ணே. இவ்ளோ நேரம் நல்லாத்தானே படிச்சீங்க? சிறகு எங்க பறந்து போச்சு?"

சீடர் மைக்கை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"தம்பி, குனி." நூற்றுப் பதினாறு. "நிமிரு." நூற்றுப் பத்து. "குனி. நிமிரு. குனி."

யாரும் ஊதவில்லை. ஃபேனைக்கூட அவள் எட்டி அணைத்துவிட்டாள். மெஷின் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. குனிந்தால் உடம்பின் பாரம் முன்சக்கரத்துக்குப் போகிறது. நிமிர்ந்தால் பின்சக்கரத்துக்குப் போகிறது. ஆறு கிலோ தம்பியுடையது. காற்றடிகளுடையது அல்ல. இத்தனை நாளாக இவர்கள் குனிந்து குனிந்து தங்கள் சொந்த எடையைத் தாங்களே பார்த்து, அவருக்குக் காணிக்கை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"முதலாளி, நீங்க ஒருதடவ ஏறுங்களேன்" என்றாள் அக்கா.

மறுக்க வழியில்லாமல் ஏறினார். குனிந்தார். ஒன்பது கிலோ கூடியது! காற்றடிகளின் மூச்சைவிட எங்கள் முதலாளியின் தொப்பைக்கு மகிமை ஒன்றரை மடங்கு. முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் கூரையே சிரித்தது. வரிசையில் நின்றவர்கள் ஆளாளுக்கு ஏறிக் குனிந்து பார்த்தார்கள். லேப்டாப் சார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "இது பாரம் மாறுறது. முதல் வருஷப் பாடம்" என்று முணுமுணுத்தார். முதல் வருஷத்துக்குப் பிறகு என்னதான் படித்தாரோ!

இந்தச் சிரிப்பில் காற்றடிகளை யாரும் கவனிக்கவில்லை. அங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கதவு வழியாக வேனுக்கு ஓடியிருக்கிறார். அந்த வேகத்தில் போனவரை எந்தச் சிறகும் அமுக்கவில்லை. மைக்கோடு மாட்டிக்கொண்ட சீடர்தான் பாவம், எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி எங்கள் ஷெட்டுக்கு வந்தான். தன் பைக்கின் முன்னால் மண்டியிட்டு, தங்க நிற ஸ்டிக்கரை நகத்தால் கீறிப் பிய்த்தான். அக்கா ஸ்பேனரை வைத்தாள். இரண்டாவது போல்ட் கழலும் முன்பே வலது சிறகு அவள் கையோடு வந்துவிட்டது. சிறகைப் பிடித்திருந்த தகட்டில் முக்கால்வாசிக்கு மேல் விரிசல். விரிசலின் உள்பக்கம் கறுத்திருந்தது. அது நேற்று இன்று வந்ததல்ல. விழுந்த அன்றைக்கு விழுந்த விரிசல்.

அக்கா கருவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். சிறகை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை பேர் முன்னால் நிமிர்ந்து நின்றவள், அப்போதுதான் உடைந்தாள்.

"நாளைக்கு அந்த மேட்டுல இது கழண்டிருந்தா, உன்ன நான் எங்கடா பொறுக்கியிருப்பேன்?"

"எனக்கு பயமா இருந்துச்சுக்கா" என்றான் தம்பி. "விழுந்ததுலருந்து அந்த மேடு வந்தாலே தானா வேகத்தக் கொறச்சுடறேன். வெளிய சொன்னா வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அதான் அவர்கிட்ட போனேன்."

"பயந்தவன் என்கிட்ட வரணும்டா. நான் போல்ட்ட பாத்திருப்பேன்."

அவன் தலைகுனிந்தான். அன்று முழுக்கக் குனிந்ததில் அந்த ஒருதடவைதான் பொருள் இருந்தது.

சாயங்காலத்துக்குள் எல்லா ஷெட்டுகளிலும் ஸ்டிக்கர் கிழிகிற சத்தம் கேட்டது. வேறு மூன்று பைக்குகளில் தளர்ந்த போல்ட் அகப்பட்டது. எல்லாம் நல்லபடி முடிந்தது என்று நான் மூச்சுவிடும்போது, பக்கத்து டீமின் முதலாளி கைகளைப் பிசைந்துகொண்டு அக்காவிடம் வந்து நின்றார்.

"ஏம்மா, அந்தாளு ஃபிராடுதான், ஒத்துக்கறேன். ஆனா உன் கை ராசியான கைன்னு இப்பத்தான் தெரிஞ்சுது. எங்க சிறகையும் நீ ஒருதடவ தொட்டுக் குடுத்துடேன்."

அக்கா அவர் கையில் ஒரு ஸ்பேனரைத் திணித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் அந்த ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்! இதைப் படிக்கிற ஐயா, நீங்களும் பைக் ஓட்டத் தலைக்கு ஹெல்மெட் வாங்கப் போகிறீர்களா? நல்லது, கட்டாயம் வாங்குங்கள். அதற்கு முன்னால், காப்பாற்றுகிற அளவுக்கு உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று ஒருதடவை தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.