ஐந்தடி இரும்பு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்கள் சமூகத்திற்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்றுதான் தொடங்கினேன். எழுதிய கையோடு ஒருமுறை பிழை பார்த்தேன். முப்பத்தெட்டு வருடம் அச்சகத்தில் பிழைதிருத்திய கை சும்மா இருக்குமா? வாக்கியத்தில் இருந்த ஒரே தகவலும் தவறு என்பதால் அடித்துவிட்டேன். ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேனே, மரியாதையில் குறை இருக்கக் கூடாது என்று 'தாங்கள்' போட்டேன். அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து பார்த்த உன்னை அப்படி எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது. இனி 'நீ'தான். அதற்காகக் கோபப்படாதே, கோபப்பட வேறு நல்ல காரணங்கள் கீழே வருகின்றன.

தொலைபேசியில் கூப்பிட்டிருக்கலாம். பேச்சில் தப்பாக ஒரு வார்த்தை விழுந்தால் அடித்துத் திருத்த முடியாது, அது உனக்கும் எனக்கும் தெரிந்ததுதானே. அதனால் கடிதம். நீ இரும்பு வியாபாரி என்பதால் உன்னிடம் ஒரு பொதுவான ஆலோசனை கேட்கிறேன். உன்னிடம் இரும்பு கேட்கவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே வண்டி கட்டுகிற ஒருவனுக்கு ஐந்தடி, ஆறடி என்று கொஞ்சமாக இரும்பு வேண்டுமென்றால் எங்கே கிடைக்கும்?

வண்டியா, அத்தானா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் அக்கா ஏழு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்தாள். தொடையில் தகடு வைத்தார்கள், முழங்கால் அதன் பிறகு மடங்கவே இல்லை, காலை நீட்டியபடியே இருக்க வேண்டும். இரண்டு முறை வாடகைக் கார் வரவழைத்து ஏற்றிப் பார்த்தோம், ஓட்டுநரும் நானும் சேர்ந்து அவளை அழவைத்ததுதான் மிச்சம். இப்போது இதயமும் சரியில்லை. போன மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அவங்க என்ன ஆசைப்படறாங்களோ செஞ்சு குடுங்க சார்" என்றார். வரிகளுக்கு நடுவில் இருப்பதை வாசிப்பதுதான் என் தொழில், எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வீட்டுக்கு வந்து "உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றேன். "தம்பியைப் பார்க்கணும் போல இருக்குங்க" என்றாள்.

நம் ஒன்பது வருடச் சண்டையை எண்ணிப் பார்த்தேன். உன் வாசலை நான் மிதிக்கக் கூடாது என்று நீ சொன்னாய், என் வாசலை நீ மிதிக்கக் கூடாது என்று நான் சொன்னேன். அவளைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அவள் வரலாம். ஆகவே என் பழைய ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒரு சக்கரம் வைத்து, அவள் காலை நீட்டிப் படுத்த மாதிரி உட்கார ஒரு பெட்டி கட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். உன் தெருமுனை வரை நான் ஓட்டிக்கொண்டு வருவேன், அங்கிருந்து நீ தள்ளிக்கொண்டு போ. இதுதான் திட்டம்.

பெட்டியின் சட்டத்துக்கு ஐந்தடியில் இரண்டு சதுர இரும்புக் குழாய் வேண்டும், அவ்வளவுதான். முதல் கடைக்குப் போனேன். "எத்தனை டன் சார்?" என்றார் கடைக்காரர். ஐந்தடி என்றேன். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "சாருக்கு அஞ்சடி வேணுமாம்" என்றார், அவரிடமும் ஒருமுறை என்னைச் சொல்லச் சொன்னார். இரண்டாவது கடையில் இருபதடி முழுக் குழாயாகத்தான் தருவோம், வெட்டித் தர மாட்டோம், மிச்சத்தை யார் தலையில் கட்டுவது என்றார்கள். சரி, முழுசாகவே குடுங்கள் என்று வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். இருபதடிக் குழாயைத் தூக்கிக்கொண்டு நேராகப் போவதில் சிரமமே இல்லை மாப்பிள்ளை, திரும்பும்போதுதான் வினை. யாரோ பின்னாலிருந்து "சார்" என்று கூப்பிட்டார்கள், நானும் மரியாதைக்குத் திரும்பினேன், ஒரு பழக்கடையின் பந்தல் காலும் சாய்ந்தது, பந்தலும் சாய்ந்தது. பழக்காரம்மா என்னைத் திட்டியதை அச்சில் ஏற்ற முடியாது. குழாயைப் பந்தலுக்குக் காலாகவே கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன், இப்போதும் அது அங்கேதான் ஜம்மென்று நிற்கிறது.

அதற்குப் பிறகு எனக்குப் பார்க்கிறதெல்லாம் இரும்பாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது. துணி காயப்போடும் கம்பி, பக்கத்து வீட்டு கேட்டு, உன் அக்காவின் கட்டில் கால், எதையும் விடவில்லை. கட்டிலுக்கடியில் குனிந்து தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து அவள் குரல் வருகிறது. "எதுக்கு அலையறீங்க? என் தொடையில அரை அடி இருக்கு, உருவிக்கோங்க." ரெண்டு பேரும் சிரிச்சோம். அவளுக்குச் சிரிச்சா மூச்சு வாங்குது, அதனால பாதியிலேயே நிறுத்திட்டோம்.

கடைசியில் பழைய இரும்புக் கடையில் மூன்று நாள் கிளறி ஒரு கேட்டுச் சட்டத்திலிருந்தும் ஒரு விளம்பரப் பலகைக் காலிலிருந்தும் இரண்டு துண்டு தேற்றினேன். ஒன்றை வீட்டிலேயே என் டேப்பால் அளந்து அறுத்தேன், கை கொப்பளித்துவிட்டது. மற்றதை 'ஐந்தடி' என்று எழுதி வெல்டர் கடையில் கொடுத்தேன், அவரே அளந்து வெட்டிக்கொண்டார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்னுடையது இரண்டு அங்குலம் குட்டை. நான் விடுவேனா? "ஏம்ப்பா, உனக்கு டேப்பு பிடிக்கத் தெரியுமா, தெரியாதா?" என்று எகிறினேன். அவர் நல்ல மனுஷன். என் டேப்பை வாங்கி அவருடைய டேப்புக்குப் பக்கத்தில் இழுத்து வைத்தார். "சார், உங்க டேப்புக்குத் தலையே இல்ல. ரெண்டு அங்குலத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது" என்றார்.

எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. எப்போதோ முனை துருப்பிடித்து ஒடிந்தபோது நானே அதைக் கத்தரித்துவிட்டு, கொக்கியை மறுபடி வைத்து ஆணி அடித்தேன். முதல் ஒரு அடிக்கு எண்களெல்லாம் தேய்ந்துபோன டேப்பு, பார்த்தால் எதுவும் தெரியாது. அது எந்த வருடம் என்று வெல்டர் கடை பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். சமையலறை ஜன்னலுக்குக் கம்பி போடுவதற்கு முந்தின வருடம்.

மாப்பிள்ளை, நான் கேட்டபடி நீ நான்கு ஜன்னல் கம்பியையும் சரியாக மூன்றடிக்குத்தான் வெட்டிக் கொடுத்தாய். என் ஜன்னல்தான் இரண்டு அங்குலம் சின்னது. என் டேப்பு ஜன்னலையும் கூட்டிக் காட்டியது, உன் கம்பியையும் கூட்டிக் காட்டியது. அது தெரியாமல் உன் கடையில் ஆறேழு வாடிக்கையாளர்கள் பார்க்கக் கம்பிகளைத் தரையில் எறிந்து, மூணடின்னா எவ்வளவுன்னு தெரியாதவனெல்லாம் கடை வெச்சிருக்கான் என்றேன். நீ பொறுமையாக உன் டேப்பை எடுத்து அளந்து காட்டினாய். "உன் டேப்பும் உன்னை மாதிரிதான்" என்றேன். அந்த வார்த்தைக்குத்தான் உன் முகம் சுருங்கியது, எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ஊரார் எழுதியதிலெல்லாம் பிழை பிடித்தேன். என் கையில் இருந்த பிழையோடு ஒன்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். அந்த ஒன்பது வருஷமும் உன் அக்காவோடது. அவ ஒரு நாள்கூட என்னைக் கேட்டதில்ல. என்னை மன்னிச்சிடுப்பா.

வெல்டர், ஒட்டுப்போட்டால் வழியில் விட்டுவிடும் என்கிறார். இன்னொன்றைக் குறைத்தால் அவள் கால் நீட்ட இடம் போதாது. ஆகவே திரும்பவும் ஐந்தடியில் ஒரு துண்டு வேண்டும். உனக்குத் தெரிந்த கடை ஏதாவது இருந்தால் விலாசம் மட்டும் எழுதவும். உன் வீட்டில் பெரியவர், சிறியவர் அனைவருக்கும் என் அன்பும் ஆசியும். கடை மேலும் மேலும் பெருகட்டும், அளவு தெரிந்த வாடிக்கையாளர்களாக வரட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையில் போடும் முன் உன் அக்காவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். முடிந்ததும், "எனக்கு எதுக்குங்க வண்டி? அவனுக்குக் கால் நல்லாத்தானே இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "மூணு வாரமா இரும்பு இரும்புன்னு அலைஞ்சீங்களே, வாடான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா அன்னைக்கே வந்திருப்பானே" என்றாள். நான் வாசலில் போட்ட தடை எனக்கு மட்டும்தான் அவ்வளவு பெரிதாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் அடித்துவிடு, மன்னிப்புக் கேட்டதை மட்டும் விட்டுவை. இரும்பு வேண்டாம், விலாசம் வேண்டாம். நீ வா. இதைப் படித்த உடனே கிளம்பு, நாளைக்கு என்று வைக்காதே. காற்று அடிக்கிறதே என்று வாசல் கதவைச் சாத்தப் போனேன், திறந்தே இருக்கட்டும் என்கிறாள். கடிதத்தை இன்னும் தபாலில்கூடப் போடவில்லையே என்றேன். பரவாயில்லை, திறந்தே இருக்கட்டும் என்கிறாள்.