பன்னிரண்டரை முழம் சீனி

தெல்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கிடங்கு. ஞாயிறு காலை ஆறு மணிக்கே அங்கே வரிசை தொடங்கிவிடும். புசல்லாவையிலிருந்து வேன் பிடித்து வருவார்கள். பன்வில பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் அரை மணி நேரம் நிற்க நேர்ந்தால் நாட்டையே திட்டுகிறவர்கள், இங்கே ஐந்து மணி நேரம் பக்தியோடு நிற்பார்கள்.

உள்ளே வீற்றிருந்தவர் நூல் சுவாமிகள். சொந்தப் பெயர் பழனியாண்டி. மூன்று வருடத்துக்கு முன்புவரை அதே பஸ் நிலையத்தில் லொத்தர் சீட்டு விற்றவர். அவரிடம் வாங்கிய யாருக்கும் பரிசு விழாததால் வைத்தியத்துக்கு மாறினார்.

வைத்தியம் எளிமையானது. நோயாளியின் உச்சி முதல் உள்ளங்கால் வரை மூன்று தடவை மஞ்சள் நூலைப் பிடித்து வெட்டுவார். அந்த நூலைத் தன் கையால் முழம் போடுவார். பன்னிரண்டைத் தாண்டினால் நோய் முற்றிவிட்டது. பத்துக்கு இறங்கினால் சுகம். வாரம் ஒரு பூசை, பூசைக்கு ஒரு காணிக்கை, காணிக்கைக்கு ஏற்றபடி முழம் குறையும். அப்படியென்றால் உயரமானவன் பிறவி நோயாளியா என்று ஒருவரும் கேட்கவில்லை. வரமுடியாதவர்களுக்கும் வசதி இருந்தது. கட்டாரில் வேலை செய்கிற பிள்ளைகள் தாங்களே நூலை அளந்து வெட்டித் தபாலில் அனுப்பலாம். நோய் முத்திரை ஒட்டிக்கொண்டு ஊர் வந்து சேரும்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் வரிசையில் நின்றேன். என் முதுகுவலி பன்னிரண்டே முக்கால் முழம்.

ஊருக்கு ஊர் முழம் மாறுகிற தொல்லை தாங்காமல், ஏறக்குறைய நூற்றைம்பது வருடத்துக்கு முன்பு பதினேழு நாடுகள் பாரிஸில் கூடி, எல்லோருக்கும் ஒரே மீற்றர் என்று கையெழுத்துப் போட்டன. இன்றைக்கு வெளிச்சத்தின் வேகத்தை வைத்து அந்த மீற்றரை நிர்ணயிக்கிறார்கள். பாவம், விஞ்ஞானிகளுக்குத் தெல்தோட்டைக்கு வழி தெரியவில்லை.

தேயிலைக் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்குப் பத்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. ஏமாறுகிற ஆள் இல்லை அவர். கொழுந்து நிறுக்கும்போது தராசு சைபர் காட்டாமல் சாக்கைக் கொளுவவே விடமாட்டார். அவரைக் கண்டாலே கணக்குப்பிள்ளை தராசை இரண்டு தரம் தட்டிப் பார்ப்பார். அப்படிப்பட்டவர் சுவாமியின் முன்னால் கைகட்டி நின்றார். முதல் வாரம் பன்னிரண்டரை. மூன்றாம் வாரம் பதினொன்று. இனி மாத்திரை, குளிசை ஒன்றும் வேண்டாம் என்றார் சுவாமி. கிளினிக் கொப்பி அலுமாரிக்கு அடியில் போய்விட்டது.

பஸ் நிலையத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருப்பவர் றம்லத். நாலாவது ஞாயிறு, கிடங்குக்குப் போகும் வழியில் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பேச்சியம்மாவிடம் ஒரு கெட்ட வாடை அடித்தது. குனிந்து பார்த்தார். காலில் கட்டியிருந்த துணிக்கு வெளியே இரண்டு விரல்கள் கறுத்துத் தெரிந்தன.

"அக்கா, விரல் கறுத்துப் போய் ஈக்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

"இன்னும் ஒரு முழந்தான் தங்கச்சி. பத்துக்கு எறங்கிட்டா புண்ணும் காஞ்சிரும்னு சாமி சொல்லியிருக்காரு."

எவ்வளவு சொல்லியும் பேச்சியம்மா கேட்கவில்லை. றம்லத் கடையைச் சாத்திவிட்டு அவரோடு கிடங்குக்குப் போனார். இருபது வருடம் துணி அளந்த கண் அது, சுவாமியின் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தது. புது நோயாளிக்கு முழம் மடக்கிய முஷ்டியோடு முடிந்தது. பழைய நோயாளிக்கு விரல்கள் நன்றாக நீண்டு நுனிவரை போயின. முழம் நீண்டால் எண்ணிக்கை குறையும். இதைக் கண்டுபிடிக்கப் பாரிஸுக்குப் போகவேண்டியதில்லை.

றம்லத் கடைக்குப் போய், அரை மணி நேரத்தில் இரண்டு மஞ்சள் நூல்களோடு திரும்பி வந்தார். ஒன்று புதிதாக நோய் கண்ட மச்சியுடையது என்றார். மற்றது கட்டாரில் இருக்கும் அண்ணன், நானாவுடையது, தபாலிலேயே மூன்று பூசை முடிந்துவிட்டது என்றார். தபாலில் வந்த பெயர்களையெல்லாம் சுவாமி ஞாபகம் வைத்திருப்பாரா என்ன. கண்ணை மூடி முணுமுணுத்து அளந்தார். மச்சிக்குப் பன்னிரண்டரை. நானாவுக்குச் சரியாகப் பத்து.

"பாத்தீங்களா, நானா தப்பிச்சிட்டாரு" என்றார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இரண்டு நூல்களின் தலைப்பையும் றம்லத் தூணில் இருந்த ஆணியில் சேர்த்துக் கட்டினார். மற்ற இரு முனைகளையும் பேச்சியம்மாவின் கையில் கொடுத்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். பேச்சியம்மா நொண்டி நொண்டிப் பின்னால் நகர்ந்தார். இரண்டு முனையும் ஒரே இடத்தில் வந்து நின்றன.

"டேப்ல அளந்து வெட்டினது. ரெண்டும் நாலரை மீற்றர்" என்றார் றம்லத். "மச்சியும் இல்ல, நானாவும் இல்ல. எண்ட தையல் மெஷினச் சுத்தி எடுத்த நூல். சாமி ஒண்டுக்கு விரல மடக்கினாரு, மத்ததுக்கு நீட்டினாரு."

சுவாமி அசரவில்லை. நோய் நூலுக்குள்ளே இருக்கிறது, வெள்ளைக்காரன் டேப்புக்கு அது தெரியாது என்றார்.

"அப்ப எண்ட மெஷினுக்குச் சீனி வருத்தமா? அதுக்கு நான் சீனி போட்டு ஒரு ப்ளேன்டீ கூடக் குடுத்ததில்லையே."

யாரோ சிரித்தார்கள். பேச்சியம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த முனைகளைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு ஒரு முனையைச் சுவாமியிடம் நீட்டினார்.

"சாமி, இதே நூல மறுபடி அளங்க. வெரல மடக்காம, எல்லாரும் பாக்குற மாதிரி."

கொழுந்துத் தராசடியில் கேட்கும் அதே குரல். சுவாமிக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. பின்கதவால் தியானத்துக்குப் போனவர் இன்றுவரை திரும்பவில்லை. என் முதுகுவலியும் அங்கேயேதான் இருக்கிறது.

அன்றே றம்லத் ஒரு ஆட்டோ பிடித்துப் பேச்சியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஒரு வாரம் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருப்போம் என்றார் டொக்டர். அந்த இரண்டு விரல் போனதில் எனக்கும் பங்கு உண்டு. வரிசையில் அவருக்கு முன்னால் நின்று வழிகாட்டியவர்களில் நானும் ஒருவன்.

இரத்தம் எடுக்க வந்த நர்சிடம் பேச்சியம்மா சீனி பார்க்கும் மெஷினைக் காட்டி, இது சரியாகத்தான் அளக்குமா என்று கேட்டாராம். நர்ஸ் கோபிக்கவில்லை. சீனி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்த மருந்துத் தண்ணீரைத் தினமும் காலையில் அதில் ஊற்றிப் பார்ப்போம், எண் தவறினால் அன்றைக்கு அந்த மெஷினைத் தொடமாட்டோம் என்றார். பேச்சியம்மா கையை நீட்டினார்.

கிடங்கு இப்போது பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து ஊரில் யாரோ முட்டை உருட்டி இரத்த அழுத்தம் பார்க்கிறாராம், வேன்கள் அங்கே திரும்பிவிட்டன. போகிறவர்களே, அரைக் கிலோ கொழுந்துக்காகத் தராசைச் சைபர் காட்டச் சொல்கிறீர்கள். உங்கள் உயிரை அளக்கிறவனிடம் விரலையாவது நீட்டச் சொல்லுங்கள்.