மீன்தொட்டிக்கு அடியில் கல் போட்ட விவரம்

அன்புள்ள மச்சானுக்கு, அத்தான் எழுதிக்கொள்வது.

உன் அக்காவின் மீன்தொட்டி புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு உடைந்துவிட்டது. ஏழு மீனும் செத்துவிட்டன. முறைப்படி உன் நலம், வீட்டார் நலம், உன் தச்சுப்பட்டறையின் நலம் எல்லாம் விசாரித்துவிட்டுத்தான் இதற்கு வந்திருக்க வேண்டும். ஆனால் சரக்கில் விரிசல் இருந்தால் விலை பேசுவதற்கு முன்பே காட்டிவிடுவது என் வழக்கம். காட்டிவிட்டேன். இனி விசாரிக்கிறேன்: எல்லோரும் நலமா? இங்கே நானும் நலம் என்றுதான் சொல்லவேண்டும். அக்கா போய் எட்டு மாதம் ஆகிறது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கடை திறக்கிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. அக்காவுக்கு நீ செய்து கொடுத்த ஸ்டாண்டில் கால்களுக்கு ஒரு குறையும் இல்லை. மேல்பலகைதான் பதினோரு வருஷம் தண்ணீர் சொட்டிச் சொட்டி, நனைந்த புத்தகம் மாதிரி ஓரமெல்லாம் உப்பிப்போயிருந்தது. போனில் சொன்னேன். நீயும், "பத்து நாள் பொறுங்க அத்தான், வேற பலகை இழைச்சு அனுப்புறேன்" என்றாய். கீழே கிரானைட் கடையில் நானூறு கல் அடுக்கி வைத்திருக்கிறவன், மாடியில் ஒரு பலகைக்காகப் பத்து நாள் காத்திருப்பதா? கல்லே போட்டுக்கொள்கிறேன் என்றேன். அப்போது நீ சொன்னாய், எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது: "போடுங்க. ஆனா தொட்டிக்கு அடியில இருக்கிற தெர்மோகோலை மட்டும் எடுத்துடாதீங்க. கல்லு கொஞ்சம்கூட அமுங்காது, கண்ணாடி தாங்காது." மரக்காரன் கல்லைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

எந்தக் கல்லைப் போட்டேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அடுப்படி மேடைக்கு ஒரு கறுப்புக் கல் வேண்டும் என்று உன் அக்கா கேட்டது கல்யாணமான மூன்றாம் வருஷம். நாலு தடவை அவளே கீழே இறங்கி வந்து, கல்லைப் புரட்டச் சொல்லி, கையால் தடவிப் பார்த்து, ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுப் போனாள். நாலு தடவையும் அந்தக் கோட்டை ஈரத்துணியால் துடைத்துவிட்டு விற்றேன். நல்ல கல் எது என்று அவளுக்குத் தெரியும், அதுதான் வினை. அவள் கோடு போட்ட கல்லைத்தான் வருகிறவனும் கேட்பான். "அடுத்த லோடுல பார்ப்போம்" என்பேன். "ஆமா, கல்லு வியாபாரி பொண்டாட்டிக்கு சிமெண்டு மேடைதான் விதிச்சிருக்கு" என்பாள், சிரித்துக்கொண்டேதான். கடைசி வரைக்கும் சிமெண்டு மேடையிலேயே சமைத்துவிட்டுப் போய்விட்டாள். அதனால்தான் மச்சான், இந்தத் தடவை வந்த லோடில் முதல் கல்லை, சுத்தக் கறுப்பு, ஒரு புள்ளி கிடையாது, யார் கண்ணிலும் படாமல் மாடிக்கு ஏற்றினேன். அவளுக்குப் போடாததை அவள் மீனுக்காவது போடுவோமே என்று.

திங்கட்கிழமை நாலு ஆள் வைத்து, தண்ணீரை டிரம்மில் இறைத்து, தொட்டியைத் தூக்கி, கல்லை ஏற்றிப் போட்டோம். பாலிஷ் அப்படி, தலை சீவிக்கொள்ளலாம். அதன் மேல் போய் பழைய வெள்ளைத் தெர்மோகோலை வைக்கவா? டிவி வாங்கின அட்டைப்பெட்டிக்குள் இருக்குமே, அந்தச் சனியன். கடையில் முப்பது வருஷமாக பாலிஷைக் காட்டி விற்கிறவனுக்குக் கல்லை மூடி வைக்க மனசு வருமா? எடுத்து எறிந்தேன். தொட்டியை வெறும் கல்லின் மேலேயே வைக்கச் சொன்னேன். கீழேயிருந்து வந்த ஆட்கள் காலிலும் கையிலும் கல் பொடி. அதில் ஒரு துணுக்கு, அரிசியில் பாதிகூட இருக்காது, கண்ணாடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மேலே இருநூற்றைம்பது லிட்டர் தண்ணீர். பலகையாக இருந்தால் அந்தத் துணுக்கு உள்ளே பதிந்துபோயிருக்கும். என் கல்லில் எப்படிப் பதியும்?

புதன்கிழமை தீனி போட்டுக்கொண்டிருக்கும்போதே விரல் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அடிக்கண்ணாடி குறுக்கே பிளந்து, தண்ணீர் என் முழங்காலில் அடித்து, கூடத்தைச் சுற்றிக்கொண்டு படியிறங்கிக் கடைக்குள் போய்விட்டது. கீழேயிருந்து நம்ம சேல்ஸ்மேன் கத்துகிறான்: "முதலாளி! மாடியில ஆறு ஏதாச்சும் விட்டிருக்கீங்களா?" இரண்டு கையிலும் துள்ளுகிற மீனோடு படி வழியாக எட்டிப் பார்க்கிறேன். புது வீடு கட்டுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி செருப்பு நனையத் தண்ணீரில் நிற்கிறார்கள். அந்த அம்மா என்னை நிமிர்ந்து பார்த்து, "இந்தக் கல்லு தண்ணி பட்டா கறை பிடிக்குமாங்க?" என்கிறாள். என் வாய், அது என்ன வாயோ, "பிடிக்கவே பிடிக்காதும்மா, அதுக்கு மருந்து பூசித்தான் கொடுப்போம்" என்றது. அவர்கள் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மீன்கள் சாகிற நேரத்தில் ஒரு வியாபாரம் முடித்தேன் மச்சான். அதை உன்னிடம் மறைப்பானேன்.

ஏழையும் பெரிய பாத்திரத்தில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஒன்று ஒன்றாக மல்லாந்துவிட்டன. குழாய்த் தண்ணீரில் கிருமிக்குப் போடுகிற மருந்து இருக்கிறதாம், மீனுக்கு ஆகாதாம். உன் அக்கா பக்கெட்டில் பிடித்து ஒரு நாள் வைத்திருந்துதான் ஊற்றுவாள். அவள் போன பிறகு, குறைந்த அளவுக்கு நான் ஒரு சொம்பு ஊற்றியதோடு சரி. பதினோரு வருஷம் அந்தப் பக்கெட்டில் கால் இடித்துக்கொண்டு, "வழியில வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது" என்று கத்தியிருக்கிறேனே தவிர, எதுக்குடி வைக்கிறே என்று ஒரு நாள் கேட்டதில்லை.

கடைசியாகப் போனது மேனேஜர். உனக்குத் தெரியும், அந்தப் பெரிய மீன். யார் வந்தாலும் முன்னால் வந்து நின்று முறைக்கும், அதனால் அக்கா வைத்த பேர். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் நான் முதன்முதலாக அதன் எதிரே போய் நின்றேன். அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. கடை மூடிவிட்டு மாடி ஏறினால், இந்த வீட்டில் என்னைத் திரும்பிப் பார்த்த ஒரே உயிர் அது. இன்று வியாபாரம் இவ்வளவு, இன்னார் வந்தார், முட்டி வலிக்கிறது என்று எல்லாம் சொல்வேன். அவளுக்குச் சொல்கிற மாதிரிதான்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். அக்கா போனதும் என் பெண், "தொட்டியை நான் எடுத்துட்டுப் போறேம்ப்பா, உங்களால பார்த்துக்க முடியாது" என்றாள். நான் கெஞ்சி வைத்துக்கொண்டேன். "அம்மாவோடதுன்னு மிச்சம் இருக்கிறது இதுதான். ஒண்ணு ஆச்சுன்னா நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். இதை இன்றே நம்ம சேல்ஸ்மேன் கையில் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு உதவி வேண்டும். ஒன்று, மேனேஜர் மாதிரியே ஒரு மீன் எங்கிருந்தாவது பிடித்து அனுப்பு. இரண்டு, உன் பலகை வளைந்துதான் தொட்டி உடைந்தது என்று நீ அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. உன் தொழில் பேர் கெடும், தெரியும். ஆனால் உனக்கு மரியாதைதானே போகும்? எனக்குப் பெண்ணே போய்விடுவாள்.

நீயும் உன் குடும்பமும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று அக்கா இருந்தால் சொல்லியிருப்பாள். அவள் பேரில் நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு. மேலே எழுதியதில் எதையும் செய்யாதே. கவர் ஒட்டப் பசை தேடிப் போன நேரத்தில், ஞாயிறு என்று சொன்னவள் சனிக்கிழமையே வந்து நிற்கிறாள். நான் திரும்பும்போது இந்தக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தாள். "மாமா தலையில கட்டப் பார்த்தீங்களாப்பா?" "யோசனைதாம்மா, இன்னும் அனுப்பலை" என்றேன். கத்துவாள் என்று காத்திருந்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டு, "செத்தது அம்மாவோட மேனேஜர் இல்லைப்பா" என்றாள். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அது செத்துவிட்டதாம். நீயும் என் பெண்ணுமாகப் போய் அதே மாதிரி ஒன்று வாங்கி வந்து விட்டீர்களாம். "உங்கம்மாவை ஏமாத்தினீங்களா?" என்றேன். "அம்மாவை ஏமாத்த முடியுமா? வீட்டுக்கு வந்த அன்னைக்கே கண்டுபிடிச்சிட்டா. அப்பாகிட்ட சொல்லிடாதே, அவர் இப்பத்தான் அதுகிட்ட நின்னு பேச ஆரம்பிச்சிருக்கார்னா."

தட்டிப் பார்த்தே எந்தக் குவாரிக் கல் என்று சொல்கிறவன் நான், மச்சான். மீன் மாறியது எனக்குத் தெரியவில்லை. உன் மேல் கோபமில்லை.

பேசி முடித்தது இதுதான். தொட்டி புதிது, என் செலவு. மேல்பலகை உன்னுடையது, பத்து நாள் என்றால் பத்து நாள். அதன் மேல் தெர்மோகோல். ஞாயிறுதோறும் அவள் வந்து தண்ணீர் மாற்றுவாள், அன்று கடைக்கு லீவு. நடுவில் ஒரு ஞாயிறு நான் கடை திறந்தால், தொட்டி அவள் வீட்டுக்குப் போய்விடும். மீன் இரண்டு மட்டும், இப்போதே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். மீன்கடைக்காரன் ஜோடி நூற்றிருபது சொன்னான். நூற்றிருபதுக்கே முடித்தேன்.