பத்துக்குப் பத்து வாங்கிய குற்றவாளி

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குப் பிறகு நடந்த மகத்தான காரியம், எங்கள் பள்ளியில் ‘டிரோன் வழி இணையப் பாதுகாப்புக் கல்வி’ தொடங்கப்பட்டதுதான். கணினி ஆசிரியன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

நான்கு டிரோன்கள் வந்து இறங்கின. மாணவர்களே நிரல் எழுதிப் பறக்கவிட வேண்டும். அந்நியர் கைப்பற்றாமல் காக்கவும் கற்க வேண்டும். தலைமையாசிரியர் தொலைநோக்கோடு நான்குக்கும் ஒரே கடவுச்சொல் வைத்தார்: பள்ளியின் தொலைபேசி எண். வாசல் பலகையில் ஓரடி உயரத்துக்கு எழுதியிருப்பதால் யாருக்கும் மறந்துபோகாது.

தேர்வில் நான் கேட்ட கேள்வி: “நமது டிரோனில் ஒரு பாதுகாப்பு ஓட்டையைக் கண்டுபிடித்து நிரூபிக்கவும். பத்து மதிப்பெண்.”

முப்பத்தொன்பது பேர் ‘ஓட்டை ஏதும் இல்லை’ என்று பணிவோடு எழுதினார்கள். பள்ளிச் சீருடை தைக்கும் தையற்காரம்மாவின் மகள் மட்டும் நிரூபித்தாள். என் மேசையில் இருந்த டிரோனில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டு, கணினியில் நாலு வரி தட்டினாள். அது தாழ்வாரம் வழியே பறந்துபோய்த் தலைமையாசிரியரின் மேசையில் இறங்கியது. சீட்டில், ‘ஐயா, பாஸ்வேர்டை மாத்துங்க’ என்றிருந்தது. ஐயா அப்போது, அவசரகால நெறிமுறைப்படி, மேசைக்கு அடியில் இருந்தார்.

நான் கைதட்டிவிட்டேன். பத்துக்குப் பத்தும் போட்டுவிட்டேன். அவசரபுத்தி.

மறுநாள் ‘உயர்மட்ட விசாரணைக் குழு’ கூடியது. தலைவர் தலைமையாசிரியர், உறுப்பினர் நான். தையற்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு ஓடி வந்திருந்தார்.

“பாஸ்வேர்டு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று தலைவர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

“வாசல்ல எழுதியிருக்கே சார்.”

“அதைப் படிக்க உனக்கு யார் அனுமதி கொடுத்தா?”

தையற்காரம்மா என் பக்கம் திரும்பினார். “கண்டுபிடிக்கச் சொன்னதே நீங்கதானே சார்? மார்க்கும் போட்டீங்களே!”

தலைமையாசிரியரும் என்னைப் பார்த்தார். என் பணி நிரந்தர உத்தரவு கையெழுத்தாகாமல் அவர் முன்னால் கிடந்தது.

“அது... குற்றம் முழுசா நிரூபணம் ஆயிடுச்சுன்னு உறுதிப்படுத்தத்தாம்மா போட்டேன்,” என்றேன். சொல்லும்போதே கூசியது. ஆனாலும் சொன்னேன்.

அந்தப் பெண் அழவில்லை. “அப்ப பாஸ்வேர்டை எப்ப சார் மாத்துவீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

அவளை வெளியேற்றும் உத்தரவில், மதிப்பெண் போட்ட அதே சிவப்புப் பேனாவால் கையெழுத்திட்டேன். அன்று மாலையே என் வேலை நிரந்தரமானது. அடுத்த மாதம் பள்ளிக்கு ‘பாதுகாப்புச் செம்மல்’ விருது கிடைத்தது.

கடவுச்சொல்லை இன்னும் மாற்றவில்லை. அவசியமும் இல்லை. வாசல் பலகையைப் படிக்கத் தெரிந்த ஒரே பிள்ளையைத்தான் அந்த வாசல் வழியாகவே அனுப்பிவிட்டோமே!