கூழுக்கு எல்லை போட்டவர்

லண்டனில் புறாவுக்கும் நரிக்கும் அடுத்தபடியாகப் பெருகி வரும் இனம் ஒன்று உண்டு. அதற்குக் கேட்டெழுதி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அடையாளம் காண்பது எளிது. ரயிலில் உங்களுக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கும். போனில் ஒரு செய்தி வந்ததும் படிக்கும், நெற்றியைச் சுருக்கும், படித்ததை அப்படியே பிரதி எடுத்து இன்னொரு பெட்டிக்குள் ஒட்டும், ‘இதற்கு என்ன பதில் போடலாம்?’ என்று கேட்கும். வந்த பதிலை வாங்கி, ‘இன்னும் கொஞ்சம் அன்பாக’ என்று திருப்பிக் கொடுக்கும். அன்பு கூடியதும், ‘இன்னும் கொஞ்சம் சுருக்கமாக’ என்று அதே அன்பைக் குறைக்கச் சொல்லும். கடைசியில் எதையோ அனுப்பிவிட்டு, இரவு பகலாக உட்கார்ந்து தானே எழுதியதைப் போலப் பெருமூச்சு விடும். வந்த செய்தி என்ன தெரியுமா? ‘ஆறு மணிக்கு வாறியா?’

ஓம் அல்லது இல்லை. அவ்வளவுதான்.

பிறக்கும்போதே யாரும் கேட்டெழுதியாகப் பிறப்பதில்லை. பெரும்பாலும் வேலை தேடும் காலத்தில்தான் இது தொற்றுகிறது. தர்சிகனை எடுத்துக்கொள்ளுங்கள். ரெய்னர்ஸ் லேனில் ஒரு மரக்கறிக் கடைக்கு மேல்மாடியில் மனைவி லக்‌ஷிகாவோடு இருக்கிறான். உறைந்த உணவுகளைச் சேமிக்கும் களஞ்சியம் ஒன்றில் நெடுங்காலம் பொறுப்பாக இருந்தவன். வெள்ளைக்காரன், போலந்துக்காரன், குஜராத்தி என்று எல்லா லொறிச் சாரதிகளோடும் சண்டை பிடித்து, தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்துச் சமாதானமாகி, அந்த இடத்தைத் தன் வாயாலேயே நடத்தினான். பிறகு கொம்பனி களஞ்சியத்தை வடக்கே கொண்டுபோய்விட்டது. தர்சிகனைக் கொண்டுபோகவில்லை.

முதல் விண்ணப்பத்தை அவன் தானே எழுதினான். பதில் இல்லை. இரண்டாவதுக்கும் இல்லை. பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். தர்சிகன் ஒரே ஒரு காரணத்தைத்தான் பிடித்துக்கொண்டான்: என் எழுத்துச் சரியில்லை. பத்துப் பேர் நிற்கும் இடத்தில் கூச்சமில்லாமல் கதைக்கிறவனுக்குத் தன்னுடைய சொல்லிலேயே ஏதோ குறை இருக்கிறது என்று தோன்றிவிட்டது. அது அவனுக்கு உண்மையிலேயே வலித்தது. யாரோ சொல்லி, போனில் ஏஐ செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டான்.

அந்த வீட்டில் அதற்குப் பெயர் ‘அது’. ‘அதிட்டக் கேட்டுப் பாப்பம்’ என்பான் தர்சிகன். ‘உங்கட அது என்ன சொல்லுது?’ என்பாள் லக்‌ஷிகா.

அது எழுதிய விண்ணப்பங்களைப் பார்த்துத் தர்சிகனே அசந்துபோனான். பெட்டி அடுக்கியவன் ‘விநியோகச் சங்கிலியை வழிநடத்திய தலைவன்’ ஆகியிருந்தான். சாரதிகளோடு பிடித்த சண்டை ‘பங்காளர்களுடனான ஆக்கபூர்வ உரையாடல்’ ஆகியிருந்தது. இப்போது பதில்கள் வரத் தொடங்கின. எல்லாம் மறுப்புத்தான், ஆனால் எவ்வளவு அழகான மறுப்பு! உங்கள் ஆர்வம் எங்களை நெகிழச் செய்தது, உங்கள் எதிர்காலம் ஒளிபெறட்டும் என்றெல்லாம். கொஞ்ச நாள் போனபிறகுதான் கவனித்தான்: வந்த மறுப்பும் தான் அனுப்பிய விண்ணப்பமும் ஒரே நடையில் இருந்தன. கேட்டதும் அதுவே, கையை விரித்ததும் அதுவே. நடுவில் தர்சிகனுக்குத் தபால்காரன் வேலை. அந்த வேலைக்கும் சம்பளம் இல்லை.

விட்டானா? கேட்டெழுதி விடுமா? வேலைக்கு எழுதிய கை வீட்டுக்கும் எழுதத் தொடங்கியது. ஒருநாள் லக்‌ஷிகா, ‘வரேக்க பால் வாங்கிக்கொண்டு வாங்கோ’ என்று செய்தி போட்டாள். உடனே பதில் வந்தது. ‘உங்கள் செய்திக்கு நன்றி. பால் தொடர்பான உங்கள் தேவையை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்.’

பால் வரவில்லை.

சிரிக்கலாம்தான். ஆனால் வீடு லக்‌ஷிகாவின் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மருந்துக்கடையில் அவள் கிடைத்த ஷிப்ட் எல்லாம் எடுத்தாள். கோடை முடிவதற்குள் தர்சிகனுக்கு வேலை கிடைக்காவிட்டால், இந்த வீட்டை விட்டுவிட்டு ஈஸ்ட் ஹாமில் அவளுடைய தமையன் வீட்டு மேலறைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது. அந்த மச்சான் நல்லவர். மூன்று வேளையும் சாப்பாடு போடுவார். மூன்று வேளையும் புத்திமதியும் போடுவார். அதை நினைக்கும்போதெல்லாம் தர்சிகன் அதிடம் இன்னொரு விண்ணப்பம் எழுதுவித்தான்.

இந்த நேரத்தில்தான் பஸ்தியாம்பிள்ளை வந்தார். மன்னார்க்காரர். தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் மீன் இறக்குமதி செய்யும் ஒரு கொம்பனியின் பழைய ஆள்; முதலாளி அவரைக் கேட்காமல் ஒரு கதவுக்குக்கூட வர்ணம் பூச மாட்டார். அவருடைய மனைவி டொலறஸ் லக்‌ஷிகாவோடு ஒரே மருந்துக்கடையில் வேலை செய்கிறவர். மீன் கொம்பனியின் குளிர்களஞ்சியத்துக்குப் பொறுப்பாளர் தேவை என்று டொலறஸ் சொன்னார். தன் மனுசன் வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்று லக்‌ஷிகா சொன்னாள். அன்று பின்னேரமே தர்சிகனின் போனில் பஸ்தியாம்பிள்ளையின் குரல் பதிவு வந்தது.

“தம்பி, லக்‌ஷிகா சொன்னவவாம். சனிக்கிழமை வீட்டில கூழ் காய்ச்சுறம். ரெண்டு பேரும் வாங்கோ. உந்த வேலை விஷயமும் கதைப்பம்.”

இதன் அர்த்தம் உங்களுக்குத் தெரியும். எங்கள் ஆட்களிடையே ஒருவருக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் இன்னொருவர் சொல்லி வைப்பதால்தான். சொல்லி வைக்கிறவர் அதற்கு முன்னால் ஆளை வீட்டுக்குக் கூப்பிடுவார். வந்தவன் சும்மா உட்கார்ந்திருக்கிறானா, ஒரு கதிரையாவது தூக்கிப் போடுகிறானா, சின்னப் பிள்ளைகளோடு எப்படிக் கதைக்கிறான், சாப்பிட்ட கோப்பையை எங்கே வைக்கிறான் என்றெல்லாம் பார்ப்பார். நேர்முகத் தேர்வு என்பது அதுதான். அதிலும் கூழ் இருக்கிறதே, நாலு பேருக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவும் மீனும் நண்டும் இறாலும் பயற்றங்காயும் போட்டு, பெரிய பானையில், ஊரைக் கூட்டிக் காய்ச்சுவது. அதற்கு அழைப்பு வந்துவிட்டது என்றால் பாதி வேலை கிடைத்த மாதிரி.

தர்சிகனுக்கும் இது தெரியும். பழைய தர்சிகன் என்றால், ‘ஓம் அண்ணை, வாறம்’ என்று ஒரு வரி போட்டிருப்பான். புதிய தர்சிகனுக்குப் பயம். இவ்வளவு கிட்ட வந்த வேலையைத் தன்னுடைய சொல்லால் கெடுத்துவிடுவேனோ என்ற பயம். அதிடம் கேட்டான்: ‘நான் வேலை தேடுகிறேன். ஒரு கொம்பனியின் மூத்த ஊழியர் என்னைத் தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்து, வேலை பற்றிப் பேசலாம் என்கிறார். தொழில்முறையாகத் தமிழில் ஒரு பதில் எழுது.’

அதன்மேல் பிழை சொல்ல முடியாது. கூழ் என்றால் என்னவென்று இவன் சொல்லவில்லை. யாரோ ஒரு அதிகாரி யாரோ ஒரு விண்ணப்பதாரியைத் தனியாகச் சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று அது நினைத்துக்கொண்டது. நல்ல மனதோடு எழுதியும் கொடுத்தது. தர்சிகன் முதல் வரியையும் கடைசி வரியையும் பார்த்தான்; மரியாதையாக இருந்தது; அனுப்பிவிட்டான்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் அன்பான அழைப்புக்கு மனமார்ந்த நன்றி. ஆயினும், பணி நியமனம் முடிவாகாத இத்தருணத்தில், தொழில்முறை எல்லைகளைப் பேணும் பொருட்டுத் தங்கள் விருந்தோம்பலை ஏற்க இயலாத நிலையில் உள்ளேன். மாற்றாக, பதினைந்து நிமிட இணையவழிச் சந்திப்பு ஒன்றை முன்மொழிகிறேன். தங்கள் மேலான புரிதலுக்கு நன்றி.’

பஸ்தியாம்பிள்ளை, ‘சரி தம்பி’ என்று மட்டும் பதில் போட்டார். தர்சிகன் அதையும் கொண்டுபோய் ஒட்டி, என்ன நினைக்கிறார் என்று கேட்டான். நல்ல அறிகுறி என்றது அது. அன்றைக்குப் பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினான்.

வியாழக்கிழமை வேலை முடிந்து வந்த லக்‌ஷிகா சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

“என்னப்பா, பஸ்தியாம்பிள்ளை அண்ணைக்கு என்ன எழுதினீங்கள்?”

“மரியாதையா ஒரு மெசேஜ்.”

“வாசிச்சனீங்களா?”

“முதல் வரியும் கடைசி வரியும்.”

“எங்கட வீட்டுக் கூழ் உம்மட மனுசனுக்கு லஞ்சமாத் தெரியுதோ எண்டு டொலறஸ் அக்கா கடையில வச்சுக் கேக்கிறா. எனக்கு எங்க போய் ஒளிக்கிறது எண்டு தெரியேல்ல. அண்ணை முதலாளிட்ட உங்களைப் பற்றிச் சொல்ல இருந்தவராம். இனி வேற ஆளைப் பாக்கப் போறாராம்.”

அப்போதுதான் தர்சிகன் தான் அனுப்பியதை முழுதாக வாசித்தான். வாசிக்க வாசிக்க முகம் வெளிறியது. ஈஸ்ட் ஹாம் மேலறையும் மச்சானின் குரலும் கண்முன்னே வந்தன. கை தானாகப் போனில் எதையோ தட்டத் தொடங்கியது.

“இப்ப என்ன செய்யிறீங்கள்?”

“மன்னிப்புக் கேட்டு ஒண்டு...”

“அதிட்டயா?”

தர்சிகன் போனைக் கவிழ்த்து வைத்தான்.

“சனிக்கிழமை போறம்” என்றாள் லக்‌ஷிகா. “நீங்கள் உங்கட வாயால கதைக்கிறீங்கள்.”

பஸ்தியாம்பிள்ளையின் வீடும் மிச்சத்தில்தான். அங்கே போக ரயில் மாறி, பிறகு பஸ் பிடிக்க வேண்டும். வழியெல்லாம் தர்சிகன் வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தான். செபம் சொல்கிறான் என்று லக்‌ஷிகா நினைத்தாள். இல்லை. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அதிடம் எழுதுவித்த மன்னிப்பை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். நோய் அவ்வளவு சுலபமாக மாறுமா?

கதவைத் திறந்தவர் டொலறஸ். கையில் பெரிய அகப்பை. பின்வளவிலிருந்து கூழ் வாசமும் ஆட்களின் சிரிப்பும் வந்தன. தர்சிகன் தொண்டையைச் செருமினான்.

“அக்கா, எனது முந்தைய தகவல் தொடர்பினால் தங்களுக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்கு நான் முழுப் பொறுப்பையும்...”

டொலறஸ் அவனை விட்டுவிட்டு லக்‌ஷிகாவைப் பார்த்தார். “இவர் என்ன பிள்ளை, செய்தி வாசிக்கிறாரோ?”

மனப்பாடம் அந்த இடத்திலேயே அறுந்துபோனது. அடுத்த வரி வரவே இல்லை. வாசலில் தர்சிகன் வெறும் ஆளாக நின்றான்.

“பிழை விட்டிட்டன் அக்கா,” என்றான். “எனக்கு எழுதப் பயம். நான் எழுதினா ஒருத்தரும் பதில் போடுறேல்ல. அதாலதான் போனிட்டக் கேட்டனான். அது எழுதினதை வாசிக்காம அனுப்பிப்போட்டன்.” பிறகு பின்வளவுப் பக்கம் எட்டிப் பார்த்து, “நல்ல வாசமா இருக்கு. பசிக்குது” என்றான்.

டொலறஸின் முகம் இளகிவிட்டது. “அப்ப ஏன் வாசலில நிக்கிறீர்? உள்ள வாரும். நண்டு உடைக்க ஒரு ஆள் காணாது.”

பின்வளவில் பஸ்தியாம்பிள்ளை அடுப்புக்குப் பக்கத்தில் நின்றார். அவர் அவ்வளவு சுலபத்தில் இளகவில்லை. “எப்பிடித் தம்பி, எல்லைக்கு அங்கால நிக்கிறீரோ, இஞ்சால வாறீரோ?” என்று எல்லோருக்கும் கேட்கத்தான் கேட்டார். தர்சிகன் வெட்கத்தோடு சிரித்து, கையைக் கழுவிக்கொண்டு நண்டுச் சட்டிக்கு முன்னால் குந்தினான்.

“பழைய இடத்தில ஃப்ரீசர் பழுதானா என்ன செய்யிறனீர்?” பஸ்தியாம்பிள்ளை சும்மா கேட்பதுபோலக் கேட்டார்.

“ஒரு நத்தார் லீவில அப்பிடி நடந்தது அண்ணை. உள்ளுக்க முழுக்க இறால். திருத்திறவன் அடுத்த நாள்தான் வருவனெண்டான். வெளியால ஒரு குளிர்லொறி வெறுமையா வெளிக்கிட நிண்டது. அந்தப் போலந்துக்காரனைக் கையில காலில விழுந்து மறிச்சு, இறாலை அதுக்குள்ள ஏத்தி, என்ர கொத்துரொட்டியையும் அவனுக்குக் குடுத்து, விடியும் வரைக்கும் எஞ்சினை நிப்பாட்டாம வச்சிருந்தன். இறால் தப்பீட்டுது. கொத்துரொட்டி உறைப்பில அவன்தான் தப்பேல்ல.”

பஸ்தியாம்பிள்ளைக்குச் சிரித்துப் புரைக்கேறியது. தர்சிகனும் சிரித்தான். தன் குரலைக் கேட்டு நாலு பேர் சிரிப்பது எவ்வளவு சந்தோசம் என்பதை அவன் மறந்தே போயிருந்தான். இரண்டாவது கோப்பைக் கூழை அவர் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார்.

“திங்கட்கிழமை முதலாளி உமக்குக் கோல் எடுப்பார். நான் சொல்லுறன். இப்ப சொன்ன கதையை அவருக்கும் சொல்லும். ஆனா தம்பி, கும்பிட்டுக் கேக்கிறன், அந்தாளுக்கு ஒண்டும் எழுதிப்போடாதேயும்.”

வேலை கிடைத்தது. ரெய்னர்ஸ் லேன் வீடும் தப்பியது. ஈஸ்ட் ஹாம் மச்சான் மட்டும் தன் புத்திமதிக்கு வேறு ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

முதல் நாள் வேலை முடிந்து வரும்போது, பஸ்ஸில் உட்கார்ந்து டொலறஸுக்கு ஒரு நன்றி எழுதினான் தர்சிகன். பெருவிரல் இரண்டு தரம் பழைய பெட்டிப் பக்கம் போனது. இரண்டு தரமும் இழுத்துக்கொண்டு வந்தான். ‘அக்கா, இண்டைக்கு வேலை தொடங்கிட்டன். மறக்க மாட்டன். அடுத்த கூழுக்கும் நண்டு நான்தான் உடைப்பன்.’ முழுக்கத் தன்னுடைய எழுத்து. பெருமையோடு அனுப்பினான். உடனே பதில் வந்தது.

‘அன்புள்ள தர்சிகன், தங்களது மகிழ்ச்சிகரமான செய்தி எங்களைப் பேருவகையில் ஆழ்த்தியது. தங்கள் புதிய தொழிற்பயணம் வளமும் வெற்றியும் நிறைந்ததாக அமைய உளமார வாழ்த்துகிறோம். நண்டு தொடர்பான தங்கள் ஈடுபாட்டுக்கும் நன்றி.’

தர்சிகன் மூன்று தரம் வாசித்துவிட்டு, பஸ்ஸிலிருந்தே போனில் லக்‌ஷிகாவைக் கூப்பிட்டான். “இஞ்சரும், டொலறஸ் அக்காவுக்கு என்ன நடந்தது?”

“அண்டைக்கு நீங்கள் கூழ் குடிக்கேக்க, உந்த அது எப்பிடி வேலை செய்யுது எண்டு என்னட்டக் கேட்டவ” என்றாள் லக்‌ஷிகா. “போட்டுக் குடுத்தனான்.”

இப்படித்தான் பரவுகிறது. நீங்கள் சிரிக்கிறீர்கள்; உங்களுக்கு வேலை இருக்கிறது, உங்களுக்கு எழுதவும் தெரியும். நல்லது. அப்படியானால் போன கிழமை உங்கள் மச்சாளின் பிறந்தநாளுக்கு நீங்கள் போட்ட வாழ்த்தில் ‘உளமார’ என்று ஒரு சொல் இருந்ததே, அது எங்கேயிருந்து வந்தது? நீங்கள் பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை வாயால் சொல்லி யாராவது கேட்டிருக்கிறார்களா? அப்படியெல்லாம் இல்லை என்று மறுக்க வேண்டும்போல் இருக்கிறதா? தாராளமாக மறுக்கலாம். ஆனால் எழுதி அனுப்ப வேண்டாம். கூப்பிட்டுச் சொல்லுங்கள்.