மாமனாரின் கடுகளவு நுரையீரல்

திங்கட்கிழமை காலை மருமகன் ஆய்வகத்தைத் திறந்தபோது மாமனாரின் நுரையீரல் செத்துப்போயிருந்தது. மாமனார் என்னவோ எதிர்க் கட்டடத்து ஆஸ்பத்திரியில், சாப்பாட்டில் உப்பில்லை என்று கத்திக்கொண்டுதான் இருந்தார்.

செத்தது தட்டில் வளர்த்த கடுகளவு உருண்டைகள். நாலு மாதமாய் எந்த மாத்திரைக்கும் அடங்காத கிருமி மாமனாருக்கு. அவருடைய செல்களிலிருந்தே குட்டி நுரையீரல்களை வளர்த்து, அதே கிருமியை அவற்றில் விட்டு, எந்த மருந்து கேட்கிறது என்று பார்ப்பதாக ஏற்பாடு. இரண்டு நாளைக்கு ஒருமுறை அவற்றுக்கு ஊட்டத் திரவம் மாற்றுவது மருமகன் வேலை. தினமும் சாயங்காலம் கட்டிலருகே போய், "உங்க நுரையீரல் இன்னிக்கு நல்லாயிருக்கு மாமா" என்று சொல்லி ஒரு மணி நேரம் திட்டு வாங்குவதும் அவர் வேலைதான். பெற்ற பிள்ளைகள் வாரத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தால் அதிகம்.

வெள்ளிக்கிழமை பாட்டில் மாறிவிட்டது. தட்டு கழுவும் திரவத்தை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார் மனுஷன்.

உறைபெட்டியில் மிச்சம் ஒரே ஒரு குப்பி செல் இருந்தது. அதை எடுத்து உருக்கிய நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள். குப்பியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசினார்.

"என்னங்க, குரலே சரியில்ல?"

"எல்லாம் போச்சு. உங்கப்பா நுரையீரல் செத்துப்போச்சு."

மறுமுனையில் எழுந்த அலறலில் காது அடைத்தது. விளக்குவதற்குள் போனை வைத்துவிட்டாள். திரும்பத் திரும்பக் கூப்பிட்டதில் அரைமணி நேரம் ஓடியது. பையிலிருந்த குப்பியும் சூடேறி வீணாய்ப்போனது.

ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே மனைவி அழுது முகம் வீங்கி நின்றாள். மைத்துனன் கையில் ஆளுயர மாலை.

"யாருக்குடா மாலை?" என்றார் மாமனார்.

"உங்களுக்குத்தாம்பா."

மாமனாரின் பார்வை மெல்லத் திரும்பியது. "இது உங்க வேலையா மாப்பிள்ளை?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது! "மன்னிச்சிடுங்க மாமா. உங்க உருண்டைங்களை நான்தான் கொன்னுட்டேன். மறுபடி நெஞ்சுக்குள்ள குழாய் விட்டு செல் எடுக்கணும். வளர இன்னும் மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் உங்க உடம்பு தாங்குமான்னு..." பயமாயிருந்தது.

"தாங்கும், தாங்கும். மெதுவா வளரட்டும். என்ன அவசரம்?"

திட்டாத மாமனாரை அந்தக் குடும்பம் பார்த்ததே இல்லை. முடிவு நெருங்கிவிட்டதென்று மனைவி மறுபடி அழ ஆரம்பித்தாள்.

மருமகன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே வந்தார். படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்த நர்ஸ் பின்னாலேயே ஓடிவந்தாள். அவளுடைய இரண்டு கையிலும் மாத்திரைகள்.

"சார், நீங்க புது மருந்தெல்லாம் தேட வேண்டாம். நாலு மாச மாத்திரையும் தலையணை உறைக்குள்ள இருக்கு. ஏன்யா முழுங்கலைன்னு கேட்டா, குணமாயிட்டா நீங்க தினமும் வந்து திட்டு வாங்க மாட்டீங்களாம்."