அம்மனுக்குப் படைத்த நுரைப் பருப்பு

பார்த்தவுடன் வாயூறும் சாப்பாட்டுப் படம் எதையாவது ஃபோனில் கண்டால், தயவுசெய்து நம்பாதீர்கள். அந்தப் பளபளப்பு சமையல் எண்ணெய் இல்லை. அந்த நுரையும் கொதித்து வந்ததில்லை. (நுரை நுரைதான். எதனுடைய நுரை என்பதில்தான் வில்லங்கம்.) இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கிருப்பதால் சொல்கிறேன்.

என் அக்கா வசந்தி, சீகிரியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வெள்ளைக்காரர்களுக்குக் கரட் வெட்டியே இளமையைக் கழித்தவள். சொந்தமாகக் கடை வைக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த வேலையை விட்டுவிட்டு நாலந்தாவில் மாத்தளை ரோட்டோரமாக ஒரு சைவச் சாப்பாட்டுக் கடை போட்டாள். அவள் கைப்பக்குவத்துக்குக் கூட்டம் அலைமோதியிருக்க வேண்டும். ஒரு வாகனமும் நிற்கவில்லை. ஈ ஓட்டினோம் என்றுகூடச் சொல்ல முடியாது. அக்கா அவ்வளவு சுத்தக்காரி, கடையில் ஈயே கிடையாது.

நான் அப்போது மாத்தளை டவுனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பை முடித்துவிட்டு, வேலைவெட்டி இல்லாமல் வீடியோ பார்த்தே உணவை அழகுபடுத்திப் படம் பிடிக்கும் மேதையாகியிருந்தேன்.

"ருசி ஃபோன்ல தெரியாதுக்கா. படம் நல்லா இருந்தாத்தான் வண்டிய நிப்பாட்டுவாங்க" என்றேன். அக்கா நம்பினாள். இன்று நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நான் ஃபோனில் போட்ட படங்களுக்குப் பலன் கிடைத்ததுதான் கொடுமை. மாசித் தேருக்கு மாத்தளை அம்மன் கோயிலுக்கு வரும் வவுனியாக்காரர்கள், இரண்டு வேன் நிறைய, மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் கூட்டி வரும் ஐயா கோயில் கோயிலாக வருசம் முழுக்க வேன் விடுகிறவர். "சாப்பாடு பிடிச்சுதெண்டா இனி எங்கட ஆக்கள் எல்லாரும் உங்கட கடையிலதான்" என்று ஃபோனில் சொன்னார். அவர் தொடர்ந்து வந்தால் கடை நிமிர்ந்துவிடும். இல்லாவிட்டால் அக்கா மறுபடி கரட்டுக்குத்தான் போக வேண்டும்.

தேரன்று காலை சமையல் முடிந்தது. வேன் வருவதற்குள் ஒரு படம் போட்டுவிடலாம் என்று நான் முன்பக்கத்தில் இலை விரித்துப் பரிமாறினேன். கத்தரிக்காய்க் கறிக்கும் பூசணிக்கும் பேபி ஒயில் பூசினேன். பருப்பு இப்போதுதான் கொதித்து இறங்கியதுபோல் தெரிய வேண்டுமே? பாத்திரம் கழுவும் லிக்விடைக் கோப்பையில் அடித்து, அந்த நுரையை முத்து முத்தாகப் பருப்புக் கிண்ணத்தில் வைத்தேன். பிற்பாடு என் கல்யாணத்தில்கூட அப்படியோர் இலையை நான் பார்க்கவில்லை. படம் பிடித்துவிட்டு, அதைப் போடுவதற்குச் சிக்னல் தேடி ரோட்டுக்குப் போனேன்.

அக்காவின் கணவர் ரவி அத்தான் பக்திமான். கடையின் முதல் இலை கல்லாவுக்கு மேலே இருக்கும் அம்மன் படத்துக்கு. கற்பூரம் காட்டியதும், படைத்ததை அந்தந்தச் சட்டியிலேயே திருப்பிக் கலந்துவிடுவார். வருகிறவர்கள் எல்லோருக்கும் பிரசாதம் சேருமாம். இது எனக்கும் தெரியும். (தெரிந்தும், வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று இலையை அம்மனுக்கு நேர் கீழே வைத்தேன் பாருங்கள், அதுதான் என் மூளை.)

திரும்பி வந்தபோது இலை காலி.

"அத்தான், இங்க இருந்த சாப்பாடு எங்க?"

"சாமிக்கு வச்சிட்டுக் கலந்துட்டேன். இன்னிக்குத்தான் புள்ள நீ லட்சணமா ஒரு வேல செஞ்சிருக்க!"

விசயத்தைச் சொன்னேன். அக்கா பருப்புச் சட்டியைத் தூக்கினாள். அத்தான் குறுக்கே வந்து நின்றார்.

"எங்க கொண்டு போற?"

"கீழ கொட்டப் போறேன்."

"சாமிக்குப் படைச்சத, அதுவும் தேரன்னிக்கு, கீழ கொட்டுவியா? குடும்பம் வெளங்குமா?"

"அப்ப வர்றவங்களுக்குச் சவுக்காரத்தப் போடச் சொல்றீங்களா?"

"அவ்வளவு பெரிய சட்டியில கொஞ்சம்தானேக்கா..." இது நான். வாயை மூடிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.

வெளியே ஹோர்ன் சத்தம் கேட்டது. வேன்கள் வந்துவிட்டன. வேறு பருப்பு வைக்க நேரமில்லை. அக்கா சட்டியைத் திரும்ப அடுப்படியில் வைத்தாள்.

கறிகளில் கலந்த பேபி ஒயில் வெளியே தெரியவில்லை. ஆனால் கரண்டி விட்டுக் கலக்கக் கலக்கப் பருப்பு நுரைத்தது. அக்கா நுரையை வழித்து எடுக்க, அது மறுபடி பொங்கி வந்தது. வேறு வழியில்லாமல் பரிமாறினோம். ஐயா பருப்புச் சோற்றில் ஒரு பிடியை வாயில் வைத்தார். மெல்வதை நிறுத்தினார். கத்தியிருந்தாலாவது மனசு ஆறியிருக்கும்.

"பிள்ளை, சட்டியை வடிவாக் கழுவேல்லையோ? சவுக்காரம் மணக்குது" என்று மெதுவாகக் கேட்டார்.

சட்டி கழுவவில்லையா என்று என் அக்காவிடம்! ஒரு சட்டியைத் தேய்த்த கையோடு மறுபடி தேய்க்கிறவளிடம்! ஆனால் உண்மையைச் சொன்னால் அது இன்னும் கேவலம். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஆமாங்க ஐயா. அவசரத்துல சரியா அலசல்ல. மன்னிச்சிருங்க."

ஒவ்வொருவராக இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை ஏசவில்லை.

அந்த வேன்கள் பிறகு நிற்கவேயில்லை. சட்டி கழுவாத கடை என்று டிரைவர்மார் வாய்க்கு வாய் பரப்பிவிட்டார்கள். அடுத்த தேர் வருவதற்குள் அக்கா கடையை மூடிவிட்டுச் சீகிரியாவுக்கே போய்விட்டாள். அதே சமையலறை, அதே கரட்.

இப்போது இது எங்கள் குடும்பத்துப் பகிடி. விசேச வீடுகளில் நான் அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தால் போதும், "சுகி வந்துட்டா, அழுக்குத் துணி இருந்தா பருப்புல ஊறப் போடுங்க!" என்று அத்தான் சத்தம் போடுவார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அம்மனே ஒன்றும் சொல்லவில்லை, வவுனியாக்காரர்களுக்குத்தான் நாக்கு நீளம் என்று இன்றைக்கும் அவர் வாதாடுகிறார். நானும் சேர்ந்து சிரிப்பேன். அக்கா எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அன்று போட்ட படத்தை மட்டும் நான் அழிக்கவில்லை. அந்தக் கடைக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான். போன வாரம் அதன் கீழே யாரோ, "பார்க்கவே வாயூறுது, இன்னிக்குக் கடை இருக்கா?" என்று கேட்டிருந்தார்கள். லீவில் வந்திருந்த அக்கா ஃபோனை வாங்கி, விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எம் பருப்பு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஃபோனை என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"கேக்குறாங்கல்ல, நீயே பதில் போடு."

இன்னும் போடவில்லை.